கையில் ஆடிய சிவப்புத் துணி

மேற்கு வர்ஜீனியா மலைகளில் அந்தக் காலத்தில் நிலக்கரி வெட்டுகிறவன் குடியிருக்கும் வீடும் கம்பெனியுடையது, மளிகைக்கடையும் கம்பெனியுடையது. தொழிலாளிகள் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே கம்பெனிக்காரர்கள் அவர்களைப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார்கள். பாவிகள், பனிக்காலம் என்றுகூடப் பார்க்கவில்லை. ஆற்றோரம் கூடாரம் போட்டவர்கள், சங்கத்து ஆள் என்று காட்ட ஆணும் பெண்ணுமாகக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் கம்பெனி ரயிலை ஓட்டியவன் ஆர்வில். எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவன் அவன் தம்பி ஹோமர். தாயில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்து, ரயிலில் வேலையும் வாங்கிக் கொடுத்தவன் ஆர்வில்தான். தம்பியை விட்டால் அவனுக்கு வேறு நாதி கிடையாது. தண்டவாளத்தில் எவர் சிவப்பை ஆட்டினாலும் நிறுத்து, காரணம் பிறகு கேள் என்பதுதான் ரயில்காரனின் முதல் பாடம்.

வேலைநிறுத்தத்தை உடைக்கக் கருங்காலிகளை வெளியூரிலிருந்து ஏற்றிவரச் சொன்னார்கள். கம்பெனி மேனேஜரே எஞ்சின் அருகில் வந்தார்.

"கழுத்தில் சிவப்புத் துணி கட்டினவர் யார் குறுக்கே வந்தாலும் நிறுத்தாதே. நிறுத்தினால் உனக்கும் தம்பிக்கும் வேலை கிடையாது."

சேதி கூடாரத்துக்கு எட்டியது. ஏஸா என்ற தொழிலாளி ஆத்திரத்தில் பாலத்துக்கு முன்னால் ஒரு தண்டவாளத்தைக் கழற்றிப் போட்டான். விஷயம் அவன் மனைவி லாட்டிக்குத் தெரிந்தது. ரயிலில் வருகிறவனும் வயிற்றுப்பாட்டுக்கு வருகிறவன்தானே என்று ரயிலை எதிர்கொண்டு ஓடினாள். கழுத்துத் துணியை அவிழ்த்து, கையில் உயர்த்தி ஆட்டினாள்.

வளைவில் திரும்பியதும் சகோதரர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"சிவப்புண்ணே. நிறுத்துண்ணே" என்றான் ஹோமர்.

"அது சங்கத்துத் துணிடா" என்று சொல்லி, நிறுத்தாமல் விசிலை மட்டும் இழுத்தான் ஆர்வில்.

லாட்டி விலகிக் குதித்தாள். தண்டவாளம் கழன்ற இடத்தில் எஞ்சின் கவிழ்ந்தது. பெட்டிகள் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றன. ஆர்வில் தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தான். ஹோமர் எஞ்சினுக்கு அடியில் போனான்.

விசாரணையில் ஏஸாவுக்குச் சிறை. ரயிலைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்றார் மேனேஜர். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன் என்று ஆர்விலை விட்டுவிட்டார்கள். கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: ஹோமரின் சாவு யார் தலையில்?

ஏஸா குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. மேனேஜரும் ஈவிரக்கமில்லாதவர்தான். ஆனால் அவர் நிறுத்தாதே என்றது கழுத்தில் கட்டிய துணிக்கு. லாட்டியின் கழுத்து வெறுங்கழுத்து. துணி கையில் இருந்தது. கழுத்தில் இருந்தால் அது சங்கத்துத் துணி. கையில் ஆடினால் ரயில்காரனுக்கு அதன் பொருள் ஒன்றுதான். நிறுத்தியிருந்தால் உத்தரவையும் அவன் மீறியிருக்க மாட்டான். முதல் பாடத்தை மறந்தவன் ஆர்வில். கடைசி மூச்சு வரை மறக்காதவனைத்தான் அவன் புதைத்துவிட்டு வந்தான்.