தடித்த காலணி கேட்ட நரி

பனிமலை அடிவாரத்தில் செவலை என்ற நரியும் கூரி என்ற காட்டுப்பூனையும் அடுத்தடுத்த குகைகளில் வசித்தன. அந்த ஆண்டு குளிர் முந்திக்கொண்டது. காட்டில் ஓர் எலிகூட அகப்படவில்லை. செவலையின் குட்டிகள் பசியில் சிணுங்கின.

"மலை உச்சியில் கௌதாரிகள் மேய்கின்றனவாம். போவோமா, அண்ணே?" என்றது கூரி.

"போகலாம்! ஆனால் வெறுங்காலோடு போனால் விரல் மிஞ்சாதே!"

காட்டில் காலணி தைப்பது முள்ளம்பன்றிதான். இரண்டும் அதனிடம் போயின.

"ஏறப் போகிறீர்களா, உட்கார்ந்திருக்கப் போகிறீர்களா?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"குளிரில் நடுங்கப் போகிறோம், அக்கா! இருப்பதிலேயே தடித்ததைக் கொடு!" என்றது செவலை. முழங்கால்வரை ஆட்டுரோமம் திணித்த காலணியை மாட்டிக்கொண்டது.

கூரி அவசரப்படவில்லை. "நெடுநேரம் ஏறவேண்டும், அக்கா. பிறகு அசையாமல் காத்திருக்கவேண்டும்" என்றது. தேன்மெழுகு தடவிய லேசான தோல் காலணியை, கம்பளிக் காலுறையோடு போட்டு நடந்து பார்த்தது. விரல்களை அசைத்துப் பார்த்தது. மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி உறையும் வாங்கிக்கொண்டது.

"இதோடு மலைக்கா? வாசல் பெருக்கத்தான் போகலாம்!" என்று செவலை சிரித்தது.

ஏற்றத்தில் செவலையின் கால்கள் அடுப்பில் வைத்ததுபோல் சுட்டன.

"கொஞ்சம் கழற்றி ஆறவிடுங்கள், அண்ணே!"

"இந்தக் கதகதப்பை யாராவது கழற்றுவார்களா!"

உச்சியில் கூரி ஈர உறையை மாற்றிக்கொண்டு பாறை மறைவில் படுத்தது. காற்று வீசியது. சற்று நேரத்தில் செவலையின் கால்கள் சில்லிட்டன, பிறகு மரத்துப்போயின.

"ஓடையில் இறங்கவில்லை. பனியும் புகவில்லை. காலணிக்குள் எப்படி நனைந்தது?"

"உங்கள் வியர்வைதான், அண்ணே."

அப்போது கௌதாரிக் கூட்டம் வந்து இறங்கியது. செவலை பாய்ந்தது. கால்கள் ஒத்துழைக்கவில்லை, முகங்குப்புற விழுந்தது. கூட்டம் படபடவெனப் பறந்துவிட்டது. கூரியின் பிடியில் சிக்கியது ஒரே ஒரு பறவைதான்.

"குட்டிகளுக்கு என்ன சொல்வேன்!" செவலையின் கண்கள் கலங்கின.

கூரி பறவையைக் கீழே வைத்தது. நரியின் காலணிகளை இழுத்துக் கழற்றி, அந்தப் பாதங்களைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டது. உணர்ச்சி வரும்வரை விடவில்லை. பிறகு செவலை ஈர ரோமத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பாறையிடுக்கில் கிடந்த காய்ந்த புல்லைக் காலணிக்குள் திணித்துக்கொண்டது. இரண்டும் மெல்ல இறங்கிக் குகைக்கு வந்தன.

"முதலில் குட்டிகள் சாப்பிடட்டும்" என்றது கூரி. மிஞ்சியதை இரண்டும் பகிர்ந்துகொண்டன.

ஆகவே, எந்தப் பொருளையும் பயத்தைக் கேட்டு வாங்கக் கூடாது. செய்யப்போகும் வேலையைக் கேட்டு வாங்கவேண்டும்.