மதகுக்கு நாற்பத்தேழு வசதிகள்

ஒரு காட்டில் அல்லிக்குளம் என்றொரு பெரிய குளம் இருந்தது. அதன் கரையில் செங்கோடன் என்ற குரங்கு வாழ்ந்து வந்தான். கணினி வேலையில் அவன் மகா கெட்டிக்காரன்.

குளத்து மதகின் இரும்புக் கதவைத் தூக்க மூன்று காட்டெருமைகள் வேண்டும். மழை வலுத்தால் கரை உடைந்துவிடுமோ என்று எல்லா விலங்குகளும் நடுங்கின. செங்கோடன் கதவுக்கு ஒரு மோட்டாரைப் பொருத்தினான். மேட்டில் ஒரு கணினியை வைத்தான். கறுப்புத் திரையில் ‘திற’ என்று தட்டினால் மதகு திறக்கும். ‘மூடு’ என்று தட்டினால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

குமுதி என்ற நீர்நாய் மதகுக்குக் காவல் இருந்தாள். கரையில் ஒரு பொந்தில் அவளுடைய மூன்று குட்டிகள் இருந்தன. அந்த வருட மழையில் அவள் ஒரே சொல்லைத் தட்டிக் காட்டையே காப்பாற்றினாள். எல்லோரும் செங்கோடனைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி அவனுக்கு நெல்லிக்கனி தின்று தண்ணீர் குடித்ததுபோல் இனித்தது.

மழை விட்டதும் கொக்கு வந்தது. “முழுசாத் திறந்தா மீனெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போகுது. பாதி திறக்க ஒரு வழி செய்யேன்.”

“ஆகட்டும்” என்றான் செங்கோடன்.

மயிலுக்கு, மதகு திறக்கும்போதும் மூடும்போதும் ஒரு பாட்டு கேட்க வேண்டும். ஆகட்டும். கைதவறித் திறந்துவிட்டால் என்ன ஆவது என்று முயல் பயந்தது. எதைச் செய்வதானாலும் ‘உறுதியா?’ என்று கணினி மூன்று முறை கேட்கும்படி ஆயிற்று. காட்டுப்பன்றிக்குச் சேற்றுத் தண்ணீர் மட்டும் தனியாக வேண்டுமாம். அதற்கும் ஆகட்டும். இத்தனையும் சேர்ந்தபின் வெறும் ‘திற’ என்றால் கணினிக்குப் புரியவில்லை. எப்படித் திறப்பது என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கணினியை வாழ்நாளில் தொட்டே பார்க்காத முள்ளம்பன்றி கடைசியாக வந்தது. “சொல்லெல்லாம் நீளமா இருக்கு. ஓர் எழுத்தாச் சுருக்கிடு.”

சுருக்கினான். ‘ப’ என்றால் பாதி, ‘பா’ என்றால் பாட்டு. ‘மு’ என்றால் முழுவதும், ‘மூ’ என்றால் மூடு. இப்படி நாற்பத்தேழு.

குமுதி ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தாள். “அண்ணே, தினமும் இதைத் தட்டுறவ நான். குறில் எது, நெடில் எதுன்னு ஒண்ணும் மனசில நிக்கலை. பழையபடியே ஆக்கிடுங்களேன்.”

“அதுக்குத்தானே ‘உதவி’ன்னு ஒண்ணு வச்சிருக்கேன், தங்கச்சி. தட்டிப் பாரு.”

தட்டினாள். புற்றிலிருந்து ஈசல் கிளம்புவதுபோல வரிகள் கிளம்பி மேலே பறந்தன. நின்றபோது கடைசி வரி மட்டும் திரையில் இருந்தது: ‘இந்த உதவியைப் புரிந்துகொள்ள, உதவி-உதவி என்று தட்டவும்.’

அவள் முகத்தைப் பார்த்தபோது செங்கோடனுக்கு உள்ளே சுருக்கென்றது. சிலவற்றை எடுத்துவிடலாமா என்று யோசித்தான். எதை எடுப்பது? மயில் மூக்கைச் சிந்தும். பன்றி சண்டைக்கு வரும். எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டான்.

ஐப்பசி பிறந்தது. மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் நடுப்பகலில் தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட்டது. மதகு பாதிதான் திறந்திருந்தது. குமுதி கணினிக்கு ஓடினாள். ஈரக் கால்விரல்கள் வழுக்கின. ‘மு’ என்பதற்குப் பதில் ‘மூ’ என்று தட்டிவிட்டாள்.

‘உறுதியா?’ என்றது கணினி. ஆம். ‘உறுதியா?’ ஆம். ‘உறுதியா?’ ஆம், ஆம்.

பாட்டு ஒலித்தது. பாதி திறந்திருந்த மதகும் மூடிக்கொண்டது.

சத்தம் கேட்டுச் செங்கோடன் பாய்ந்து வந்தான். தானே உட்கார்ந்து ‘மு’ என்று தட்டினான். ‘மீன் காலத்தில் மு செல்லாது’ என்றது திரை. கொக்குக்காக அவன் எப்போதோ எழுதியது. அதை நீக்க எந்த எழுத்து? நினைவுக்கு வரவில்லை. ‘உதவி’ என்று தட்டினான். வரிகள் பறந்தன. ஒவ்வொன்றும் அவன் எழுதியதுதான். ஆனால் யாரோ முன்பின் தெரியாதவன் எழுதியதுபோல் இருந்தது.

காட்டெருமைகள் ஓடிவந்து கதவைத் தூக்கிப் பார்த்தன. மோட்டார் பிடித்த பிடியை விடவில்லை.

“அண்ணே, குட்டிங்க பொந்துல இருக்கு. நான் போகட்டுமா, இருக்கட்டுமா?”

“இரு குமுதி. என் கண்ணுக்குத் தப்பினதை நீ படி. இதோ திறந்துடும்.”

அவள் அவன் சொல்லை நம்பி நின்றாள். பறந்த வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வரவழைத்து இருவரும் படித்தார்கள். இருநூறாவது வரியைத் தாண்டும்போது, பொந்து இருந்த பக்கம் கரை பிளந்தது. பொந்து இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

இரண்டு நாள் அவளோடு செங்கோடனும் சேற்றில் தேடினான். ஒரு குட்டி மட்டும் காரைமுள் புதரில் சிக்கி உயிரோடு கிடைத்தது. மற்ற இரண்டும் கிடைக்கவில்லை. வளைகளில் இருந்த முயல்கள் பாதிக்குமேல் திரும்பவில்லை. குளம் வெறும் சேறாய்க் கிடந்தது.

அப்போதும் கொக்கு வந்தது. “அடுத்த தடவை, கரை உடையறதுக்கு முன்னாடியே சொல்ற மாதிரி ஒரு வசதி வச்சா என்ன?”

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். குமுதி குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மேற்கே மலையாற்றுப் பக்கம் போகிறாளாம்.

“மன்னிச்சுடு தங்கச்சி” என்றான்.

“கேட்டவங்க ஒருத்தரும் அதைத் தட்டலை, அண்ணே. தட்டினவ வேண்டாம்னு சொன்னப்போ உங்களுக்குக் கேக்கலை” என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

கேட்டவர்க்கெல்லாம் தலையாட்டிச் செய்த கருவி, ஆபத்து வேளையில் ஒருவருக்கும் கைகொடுக்காது.