பூனைகள் உருண்ட தொட்டிகள்

ஞானவடிவம்மையிடம் கடவுளைப் பற்றிக் கேட்கத்தான் பலரும் வருவார்கள். சங்கரலிங்கம் பூனையைப் பற்றிக் கேட்க வந்தார்.

அம்மைக்கு நாற்பது வயதுதான். தென்காசியில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற சங்கரலிங்கத்துக்கு அவர் மகள் போல. ஆனாலும் குரு குருதான். கும்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மை, எனக்குக் கோபம் போயிட்டுன்னு நினைச்சேன். போகலை. பூனை ரூபத்தில வீட்டுக்குள்ளயே உலாத்துது."

"என்ன செஞ்சுது?"

சொன்னார். கூடத்துச் சன்னலோரம் அவர் தொட்டிகளில் செடி வளர்க்கிறார். பெரணி, பெகோனியா, இன்னும் பேர் தெரியாத சில. அவர் மனைவி உலகம்மாள் இரண்டு பூனைகள் வளர்க்கிறாள். பெருத்தது பூசணி, கறுத்தது மிளகு. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. அவர் செடிகளோடு பேசுவார். அவள் பூனைகளோடு பேசுவாள். இப்போது அந்தப் பூனைகள் தினமும் தொட்டிக்குள் இறங்கி, உருண்டு, தண்டை முறித்துப் போடுகின்றன.

"வேணும்னே செய்யுது அம்மை. கொல்லையில எவ்வளவு மண்ணு கிடக்கு! என் பெரணி மேலதான் உருளணுமா? நான் வேலையை முடிக்கிற வரைக்கும் காத்துக் கிடந்து வருது."

"சரி."

"நாளைச் சாயங்காலம் அரிசி மில்லுக்காரர் வந்து ரெண்டையும் கொண்டுபோறேன்னு சொல்லியிருக்கார். அதைக் கேட்டதிலேருந்து வீட்டுக்காரி எங்கூடப் பேசுறதில்லை. காப்பி டம்ளரை ணங்குன்னு வைக்கா. செடியா, பூனையா? எதை அனுப்ப? நீங்களே சொல்லுங்க."

"காலையில வாரேன்" என்றார் அம்மை.

மறுநாள் அம்மை படியேறி வந்தபோது உலகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீங்களாவது புத்தி சொல்லுங்க அம்மை. அதுக வாயில்லாத சீவன்."

"வாயில்லாததா? விடியுமுன்னே மீனுக்குக் கத்துறது பின்ன யாரு?" என்றார் சங்கரலிங்கம்.

உலகம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மை, காப்பிக்குக் கத்துறது யாருன்னு அவரைக் கேளுங்க."

அம்மை காப்பியை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயா, தினமும் செய்றதைச் செய்யுங்க. நான் பாக்கேன்."

குரு பார்க்கிறார் என்றதும் சங்கரலிங்கத்தின் கைவேலை கூடக் கொஞ்சம் சுத்தமாயிற்று. இலைகளை ஈரத்துணியால் துடைத்தார். அளந்து தண்ணீர் ஊற்றினார். பிறகு கொல்லைக்குப் போய், ஒரு கத்தை களையை வேரோடு பிடுங்கி வந்து, ஒவ்வொரு செடியைச் சுற்றியும் மெத்தை போலப் பரப்பினார்.

"என்னது இது?"

"குப்பைமேனி. கொல்லை பூரா மண்டுது. மண்மேல இப்படிப் போட்டா ஈரம் காயாது. பூனை கிளறின இடத்தையும் மூடிரும்லா? இப்பல்லாம் கூடக் கொஞ்சம் கனமாவே பரப்புதேன்."

அவர் நிமிர்வதற்குள் பீரோவுக்கு அடியிலிருந்து பூசணி வந்தது. சன்னல் மேலிருந்து மிளகு குதித்தது.

பூசணி பெரணித் தொட்டியில் ஏறிக் குப்பைமேனி வேரில் கன்னத்தைத் தேய்த்தது. கண் செருகிற்று. வாயில் எச்சில் ஒழுகிற்று. நாலு காலையும் தூக்கிக்கொண்டு புரண்டது. பெரணியில் ஒரு தண்டு மடிந்து விழுந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" சங்கரலிங்கம் கையை ஓங்கினார்.

அம்மைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. காப்பி தளும்பியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தொட்டி தொட்டியாகப் போய்க் களையை எல்லாம் திரட்டினார்.

"உட்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். அம்மை அந்தக் கத்தையை அப்படியே அவர் மடியில் போட்டார்.

பூசணி தொட்டியைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் தொட்டி என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. மடியில் மல்லாந்தது. மிளகு ஒரு வேரைக் கவ்விக்கொண்டு தோளுக்கு ஏறி, வேரும் காதும் ஒன்றென்று எண்ணி இரண்டிலும் முகத்தைத் தேய்த்தது.

சங்கரலிங்கம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். காது கூசியது. உதடு கோணியது. பிறகு வயிறு குலுங்க, அந்தக் கூடம் கேட்டு வெகுகாலமான ஒரு சிரிப்பு வெடித்தது.

அடுப்படியிலிருந்து உலகம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏங்க! உங்க காதை நக்குது!"

"எனக்குத் தெரியாதா? என் காதுதானே!"

அவரோடு பேசுவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. வந்து என்ன செய்ய? அவளும் தரையில் உட்கார்ந்து, அவர் மடியில் கிடந்த பூசணியின் வயிற்றைச் சொறிந்தாள்.

"மில்லுக்காரருக்குப் போன் போட்டு வரவேண்டாம்னு சொல்லு" என்றார் அவர்.

"நீங்க கூப்பிட்ட ஆளுதானே? நீங்களே சொல்லுங்க."

"எந்திரிக்க விட்டாத்தானே!"

சிரிப்பு அடங்கிற்று. அவர் சன்னலோரத் தொட்டிகளைப் பார்த்தார். ஒரு இலைகூட அசையாமல் அவை நின்றன.

"அம்மை, இத்தனை நாளும் இந்த வேரைப் போட்டு நானாவா இதுகளைக் கூப்பிட்டேன்?"

அம்மை ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

"கொல்லையில களை மண்டிக்கிட்டேதான் இருக்கும். பிடுங்காம இருக்க முடியாது. பிடுங்கினதை வேற எங்கதான் கொண்டு வைக்க?" என்றார் சங்கரலிங்கம்.

அம்மை அவர் மடியைப் பார்த்தார். மிளகும் தோளிலிருந்து இறங்கியிருந்தது; அங்கே இரண்டு பூனைகளும் உலகம்மாளின் கையும் இருந்தன.

"இப்ப இருக்கிற இடத்துக்கு என்ன குறைச்சல்?"