பதினாலு வோல்ட்

“பேட்டரியும் புதுசுங்க. ஆல்டர்னேட்டரும் புதுசுங்க. அப்பவும் வண்டி செத்துப்போவுதுன்னா நான் எங்க போயி முட்டிக்கிறதுங்க?” என்றார் அர்த்தநாரி.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தே தலை நரைத்தவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு வண்டி எலக்ட்ரிக் வேலை படிக்க, பட்டறை வைத்திருந்த வளர்மதியிடம் வந்து சேர்ந்தார். அவள் அவரை அண்ணே என்பாள். தன் மகள் வயதுள்ள அவளை அவர் வாத்தியாரம்மா என்பார்.

ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். வளர்மதியின் வேலை தெரிந்த கைக்குக் கும்பிடு போட வயது பார்ப்பவன் முட்டாள்.

எதிரே நின்றது சடையனின் ஜீப். கொல்லிமலையில் ஓடுகிற வண்டி. போன வாரம் அர்த்தநாரிதான் பேட்டரி, அதற்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவில் இரண்டு முறை நின்றுவிட்டது.

பொழுது சாய்வதற்குள் சடையன் தன் மகளைப் பிரசவத்துக்கு மலையிலிருந்து கீழே கூட்டி வர வேண்டும். டீ கூடக் குடிக்காமல் வாசலில் நின்றார்.

“சார்ஜ் பாத்தீங்களாண்ணே?”

“பாத்தனுங்க. பதினாலு வோல்ட் காட்டுது.”

“எங்க வச்சுப் பாத்தீங்க?”

“ஆல்டர்னேட்டர்லதானுங்க.”

“சம்பாதிக்கிறவன்கிட்டக் கேட்டிருக்கீங்க. வீட்டுல போயி என்ன வந்து சேருதுன்னு கேக்கலியே.”

இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடச் சொன்னாள். மீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்தாள்.

பன்னிரண்டுகூட இல்லை.

அடுத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்தாள். முள் விழ வேண்டிய இடம் பூஜ்யம். இரண்டு வோல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

இன்ஜினை அணைத்தாள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற, கரண்ட் திரும்பி வர வெறும் இரும்பைப் பிடித்தே ஆக வேண்டிய எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினாள்.

அடியில் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது. ஒரு பொட்டு விடாமல், பிசிறில்லாமல் அடித்த பெயிண்ட்.

அர்த்தநாரிக்குத் தன் கைவேலை தெரியாதா?

வளர்மதி உப்புத்தாளை எடுத்து நீட்டினாள். அவர் குனிந்து தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கப் பெயிண்ட் போய் வெறும் இரும்பு வெளியே வந்தது. வயரை அதன்மேல் வைத்து போல்ட்டை இறுக்கினார். வண்டியை எழுப்பினார்கள். லைட்டு, வைப்பர், ஹாரன் எல்லாம் போட்டும் பேட்டரியில் பதினாலு நின்றது.

அவள் மீட்டரை அணைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

சடையன் பக்கத்தில் வந்தார். “என்னதானுங்க கோளாறு?”

அர்த்தநாரி வாத்தியாரம்மாவைப் பார்த்தார். அவள் கை துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தமே இல்லாதது போல.

வயரில் சின்னக் கோளாறு என்று சொன்னால் போதும். பொய்யும் ஆகாது. இந்த வயதில் படிக்கக் கிளம்பினால் இப்படித்தான் என்று ஊர் பேசுவதற்கு இன்னொரு கதை கிடைக்காது.

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார்.

“கோளாறு நாந்தானுங்க,” என்றார். “போன வாரம் வயரு உக்கார்ற எடத்துலயும் அழகா இருக்கட்டும்னு பெயிண்ட் அடிச்சுட்டேன், அது கரண்ட உடலீங்க. மலையில ரெண்டு தடவ உங்கள நிறுத்துனது என்ற கைதானுங்க.”

சடையன் அவர் முகத்தைப் பார்த்தார்.

“இனி நிக்காதுங்களா?”

“நிக்காதுங்க.”

“நீங்க சொன்னாச் சரி,” என்று ஏறி உட்கார்ந்தார் சடையன். ஜீப் மலைப் பக்கம் திரும்பி மறைந்தது.

அர்த்தநாரி இன்னும் தலையைத் தூக்கவில்லை.

“இப்பத்தாண்ணே உங்களுக்கு எர்த் புடிச்சுது,” என்றாள் வளர்மதி.