முந்நூற்றுப் பத்தில் தாங்கும்

பங்குச் சந்தை சொல்லிக்கொடுப்பவர்களை ஊரில் யாரும் குரு என்று அழைப்பதில்லை. வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். சென்னியப்பன் மட்டும் பூங்கோதையை "எங்க குரு" என்றுதான் சொல்வார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, குருவுக்கு முப்பத்தேழு. அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க எந்த வயதிலும் அவர் வெட்கப்பட்டதில்லை.

கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் பூங்கோதை வகுப்பு நடத்தினார். இதை வாங்கு, அதை வில் என்று யாரிடமும் சொன்னதில்லை. அதனாலேயே பாதிப் பேர் வகுப்பைவிட்டு நின்றார்கள். நின்றவர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மிச்சமிருந்தவர்களிடம் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்.

"முதல்ல பழைய விலையைப் பாருங்க."

சென்னியப்பன் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அங்கேதான் வந்தது வினை.

ஆவணி மாதத்து மத்தியானம் ஒன்றில் அவர் மாடிப்படி ஏறி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் செல்போன், கக்கத்தில் சுருட்டிய காகிதம். வகுப்பு இல்லாத நேரம். பூங்கோதை தனியாக உட்கார்ந்து தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணா. சாப்பிட்டீங்களா?"

"அதுக்கெல்லாம் நேரமில்லீங்க டீச்சர். மூணரைக்குச் சந்தையை மூடிப்போடுவாங்க."

"அதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது."

"முக்கால் மணிதானுங்களே இருக்குது!"

காகிதத்தை மேசைமேல் விரித்தார். ஓரத்தோடு ஓரம் ஒட்டிய கிராப் தாள்கள். ஒரு பம்பு செட் கம்பெனியின் பத்து வருடத்துப் பங்கு விலை, மாதம் மாதமாகப் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைத்து, மேலும் கீழுமாக ஓடியது. அடியில் ஒரே நீளமாகச் சிவப்புப் பென்சில் கோடு. இன்று இதையெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் போட்டுக் காட்டும். ஆனால் தன் கையால் போட்டால்தான் மனதில் நிற்கும் என்று சென்னியப்பன் ஒரு மாதமாக ஸ்கேலும் ரப்பருமாக இருந்தார். பிள்ளை பெற்றவர் மாதிரிதான் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"பாத்தீங்களா? முந்நூத்திப் பத்து. பத்து வருஷத்துல அஞ்சு தடவை அந்த விலைக்கு இறங்கியிருக்குது. அஞ்சு தடவையும் தாங்கியிருக்குது. தாங்கி, மேல எந்திரிச்சிருக்குது. இன்னைக்கு ஆறாவது தடவை வந்து நிக்குது."

"சரி."

"முந்நூத்திப் பத்துல தாங்குமுங்க. விட்டா இந்த விலை திரும்பக் கிடைக்காது."

செல்போனைக் காட்டினார். வாங்குவதற்கான கட்டளை தயாராக இருந்தது. கம்பெனி பெயர், எண்ணிக்கை, விலை எல்லாம் போட்டாயிற்று. பச்சைப் பட்டனை ஒரு முறை தொட்டால் போதும். அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பூங்கோதை கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"இது எந்தப் பணமுங்கண்ணா?"

சென்னியப்பன் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

ஊருக்கு வெளியே அவர் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வாடகை வீட்டில் இருந்தவர் வாழ்நாளில் கட்டும் ஒரே வீடு. சுவர் எழும்பிவிட்டது. கூரை போடவில்லை. பாங்கில் மிச்சமிருக்கும் பணம் கூரையில் பாதிக்குத்தான் வரும். பாதிக் கூரை என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் அந்தப் பணம் இரட்டிப்பாக வேண்டும். பணம் பாங்கில் பத்திரமாக இருப்பதாகத்தான் மனைவி தெய்வானை இன்னும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் அவர் தலையைக் குனிந்தபடி சொல்லி முடித்தார்.

"அப்ப எதுக்குங்க என்கிட்ட வந்தீங்க? கணக்குத்தான் போட்டுட்டீங்களே."

"பட்டனைத் தொடக் கை வரலீங்க டீச்சர்."

மில்லில் ஓடுகிற மெஷினுக்குள் கையை விட்டு இழை எடுத்தவர்தான். இப்போது ஒரு பட்டனைத் தொட முடியவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. வாங்கினாலும் பயம், வாங்காமல் விலை ஏறிவிட்டால் அதைவிடப் பயம்.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? முதல்ல உக்காருங்க. அந்தா, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்குங்க."

சுவரோரம் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. சென்னியப்பன் அதைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே கவிழ்த்துப் பார்த்தார். மில் புத்தி.

"பின்னங்கால் விரிசல் விட்டிருக்குதுங்க டீச்சர்."

"ரொம்ப நாளாவே அப்படித்தான் இருக்குது. சும்மா உக்காருங்க."

"வேண்டாமுங்க."

"வகுப்புக்கு வர்ற எல்லாரும் அதுலதான் உக்காந்திருக்காங்க. உங்களைவிடக் கனமானவங்களும் உக்காந்திருக்காங்க. ஒருத்தரையும் கீழ போட்டதில்ல. இத்தனை பேரைத் தாங்கின நாற்காலி உங்களைத் தாங்காதா?"

படியேறி வந்ததிலிருந்து சென்னியப்பன் அப்போதுதான் சிரித்தார்.

"என்னங்க டீச்சர் இப்படிச் சொல்றீங்க? தாங்கித் தாங்கித்தானுங்க இப்படி விட்டிருக்குது. ஒவ்வொருத்தரு உக்காந்து எந்திரிக்கையிலயும் கொஞ்சங் கொஞ்சமா..."

பாதியில் நிறுத்தினார். நாற்காலியைக் கீழே வைக்கவும் மறந்து, மேசைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார்.

பூங்கோதை மிச்சமிருந்த சோற்றை மூடி வைத்தார்.

சென்னியப்பன் நாற்காலியை வைத்துவிட்டுக் காகிதத்தின் மேல் குனிந்தார். ஒரு மாதமாக அவர் கண் சிவப்புக் கோட்டிலேயே இருந்தது. இப்போது விரல் மேலே போனது. முதல் தடவை முந்நூற்றுப் பத்தைத் தொட்டுவிட்டு விலை அறுநூறைத் தாண்டியிருந்தது. அடுத்த தடவை அறுநூறுக்கு வரவில்லை. அதற்கடுத்தது ஐந்நூறோடு திரும்பியது. அப்புறம் அதுவும் இல்லை. போன தடவை நானூறைக்கூடத் தொடவில்லை. எல்லாம் அவரே வைத்த புள்ளிகள்தான்.

"எந்திரிக்கிறது குறைஞ்சுக்கிட்டே வந்திருக்குதுங்க."

"ம்."

"ஏனுங்க அப்படி?"

"நீங்கதான் சொல்லணும். கடைசி ரெண்டு தடவை எதனால இறங்குச்சுன்னு பாத்தீங்களா? கம்பெனிக்கு விற்பனை எப்படி, கடன் எப்படி?"

"இல்லீங்க. விலையைத்தான் பாத்தேன். நீங்க விலையைத்தானுங்களே பார்க்கச் சொன்னீங்க?"

"முதல்ல பாருங்கன்னு சொன்னேன்."

அந்த 'முதல்ல' சென்னியப்பன் காதில் விழாமலே போயிருந்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

செல்போன் அடித்தது. தெய்வானை. பேசாமல் இருக்க முடியாது. எடுத்தார். அமைதியான அறை, மறுமுனைக் குரல் நன்றாகவே கேட்டது.

"ஏனுங்க, கொத்தனாரு வந்து உக்காந்திருக்காரு. கூரைக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்க அடுத்த வாரம் ஆள் கூட்டியாரட்டுமான்னு கேக்கறாரு. என்னன்னு சொல்லட்டும்?"

"இருக்கச் சொல்லு."

"காலையில இருந்து இதைத்தான் சொல்றீங்க. அந்த மனுசனுக்கு வேற வேலை கிடையாதுங்களா?"

"டீயைப் போட்டுக் குடு. மூணரைக்கு மேல சொல்றேன்."

வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். முந்நூற்றுப் பதினொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முந்நூற்றுப் பதினாலு ஆனது. அவர் முகம் வெளிறிவிட்டது.

"ஏறுதுங்க டீச்சர்! பாருங்க, ஏறுது!"

"ஏறலாம்."

"அப்ப வாங்கிப்போடட்டுங்களா?"

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"தாங்குமா, தாங்காதா? அதையாவது சொல்லுங்க."

"தாங்கலாம். நாளைக்கே எந்திரிச்சு ஓடலாம். எனக்குத் தெரியாதுங்கண்ணா."

சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. குருவிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தாதவர், மேசையைத் தட்டினார்.

"தெரியாதுன்னா அப்புறம் இது எதுக்குங்க? பத்து வருஷத்து விலை! கண்ணு பூத்துப்போற மாதிரி உக்காந்து புள்ளி வெச்சனே, நாளைக்கு என்ன ஆகும்னு இது சொல்லாதுன்னா எதுக்குங்க பார்க்கச் சொன்னீங்க?"

பூங்கோதை காகிதத்தைத் தன் பக்கம் திருப்பினார். சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்த ஐந்து புள்ளிகளில் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

"இந்த இடத்துல வாங்கினவங்க யாருங்கண்ணா?"

"கெட்டிக்காரங்க. அடி விலைக்கு வாங்கி, பொறுத்திருந்து, லாபம் பாத்தவங்க."

"எவ்வளவு நாள் பொறுத்தாங்க?"

சென்னியப்பன் கட்டங்களை எண்ணினார். ஒரு வருடத்துக்கும் மேலே வந்தது.

"நீங்க அவங்கள்ல ஒருத்தரா இருக்கணும்னு ஆசைப்படறீங்க."

"ஆமாங்க. யாருதான் ஆசைப்பட மாட்டாங்க?"

"அதே நாள், அதே விலைக்கு வித்தவங்களும் இருக்கணுமே. வித்தவங்க இல்லாம வாங்கினவங்க ஏது?"

ஒரு மாதமாக அந்தப் புள்ளிகளோடு குடித்தனம் நடத்தியும் இது அவருக்குத் தோன்றியதில்லை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஆளைத்தான் பார்த்திருந்தார். அந்த ஆள் தன் சாயலில் இருந்தார்.

"இருப்பாங்க. விவரம் தெரியாதவங்க."

"உங்களுக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாதுங்களா? முந்நூத்திப் பத்துல தாங்கும், பொறுத்தா ஏறும்னு அவங்களும் இதே மாதிரி பாத்திருப்பாங்களே. பாத்துட்டுத்தானே அவங்களும் முன்னாடி வாங்கியிருப்பாங்க."

"தெரிஞ்சிருந்தா அந்த விலைக்குப் போய் எவனாவது விப்பானுங்களா? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா ஏறியிருக்குமே!"

"பொறுக்க முடியாம வித்திருப்பாங்க."

"அது யாருங்க அப்படிப் பொறுக்க முடியாதவங்க?"

செல்போன் மறுபடியும் அடித்தது. தெய்வானைதான். சென்னியப்பன் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை. பச்சைப் பட்டன் மறைந்து திரை முழுக்க மனைவியின் பெயர் நின்றது. அடித்து ஓயும்வரை பூங்கோதை காத்திருந்தார். பிறகு காகிதத்தைப் பழையபடி சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, அவர் கையில் கொடுத்தார்.

"ஐப்பசிக்குள்ள கூரை போட வேண்டியவங்க" என்றார்.