பனிக்குழாய்

ஊரெல்லாம் பயிரின் நோயைத் தீர்க்கப் பாடுபட, திலகவதி மட்டும் நோயை வரவழைக்கப் பாடுபட்டார். எந்தக் கேழ்வரகு குலைநோயைத் தாங்கி நிற்கும் என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. புது ரகங்களுக்கு நடுவே, நோய் கண்டால் முதலில் விழுகிற பழைய ரகம் ஒன்றை வரிசை வரிசையாக விதைப்பார். மாலையானால் பனிக்குழாய்களைத் திறந்துவிடுவார். மெல்லிய நீர்த்தூவல் வயல் முழுக்க இறங்கும். அந்த ஈரத்தில் நோய் வந்து குடியேறும்.

அவரிடம் மாதையன் என்றொரு சீடன். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்தவன், குருவைவிட வயதில் மூத்தவன். இரண்டு ரகங்களைக் கலந்து அவன் உருவாக்கிய கேழ்வரகும் அந்தச் சோதனை வயலில் நின்றது. இந்தப் பருவத்தைத் தாங்கிவிட்டால் அதன் விதை மலைக் கிராமங்களுக்குப் போகும். போன வருடம் குலைநோயில் கதிரெல்லாம் கறுத்துப் பதராகி, மலையில் பல வீடுகளில் களி கிண்ட மாவில்லை.

அறுவடை நெருங்கிய ஒரு விடியல். வயல் மூடுபனியில் மிதந்துகொண்டிருந்தது. விழித்து நடக்கிறோமா, தூக்கத்தில் நடக்கிறோமா என்றே மாதையனுக்குத் தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து அவனுடைய கதிர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றில்கூடக் கறுப்பு இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“மேடம், ஒரு புள்ளிகூட இல்லீங்க.”

திலகவதி அந்தக் கதிர்களைப் பார்க்கவில்லை. குனிந்து, பக்கத்து வரிசையிலிருந்த பழைய ரகத்தைத் தொட்டார். அதுவும் கொழுகொழுவென்று நின்றது.

“இது ஏங்க இப்படி இருக்கு? எப்பவும் முதல்ல படுத்துக்கிற ஆளாச்சே.”

மாதையன் குழாய் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“சாயங்காலம் நீங்க திறந்துவிட்டுப் போனதும் இந்தப் பக்கக் குழாயை மூடிடுவேங்க. இருட்டுற நேரத்துல எல்லாம் நனைஞ்சு நிக்கிறதைப் பார்த்தா, புள்ளைங்க குளிர்ல நிக்கிற மாதிரியே இருக்கும். கனவுல செய்யுற மாதிரி கை தானாப் போயிரும்.”

“ம்.”

“ஆனா பயிர் நல்லாத்தானேங்க இருக்கு? மலையில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. குடுத்துடலாமுங்களா?”

திலகவதி பனிக்குள் நடந்து போனார். கொஞ்ச நேரம் ஆளே தெரியவில்லை. எங்கோ இரும்பு கிறீச்சிட்டது. திரும்பி வந்தவர் கையில் அந்தக் குழாயின் திருகுபிடி இருந்தது. ஈரத்தோடு அதை அவன் உள்ளங்கையில் வைத்தார்.

“குடுக்கலாங்க. விதை மூட்டையோட இதையும் அனுப்பிடுங்க. மலையில பனி இறங்குறப்போ மூடிக்குவாங்க.”