பேச்சித்தாய் கேட்ட மன்னிப்பு

கோவில்பட்டிப் பக்கம் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சுடலைமுத்துவுக்கு முப்பத்தோராம் வயதில் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. சத்துணவு மையத்தில் சமைக்கும் அவன் அக்கா பேச்சித்தாய், புகுந்த வீட்டார் தடுத்தும் கேளாமல், தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். ஒன்பது வருடம் அது ஒழுங்காக வேலை செய்தது.

பிறகு அவன் கழுத்தில் ஆறாத புண் ஒன்று வந்தது. தோல் புற்றுநோய். அறுத்தெடுத்தும் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. டாக்டர் ரோஸ்லின் அவனையும் மனைவி சந்தனமாரியையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"உடம்பைக் காக்கிற செல்களுக்குப் புற்றுநோய் பிரேக் போட்டுடுது. இதுக்கு ஒரு ஊசி இருக்கு, அது அந்தப் பிரேக்கை எடுத்துவிடும். செல்கள் கட்டியைத் தாக்கும். ஆனா உங்க அக்கா கிட்னியும் அதுகளுக்கு அந்நியம்தான், அதையும் தாக்கலாம். பத்துப் பேர்ல நாலு பேருக்கு அது போயிடுது. அப்புறம் டயாலிசிஸ்தான்."

"ஊசி போடலைன்னா?" என்று கேட்டான் அவன்.

"சில மாசம்."

சுடலைமுத்து அன்றே கையெழுத்துப் போட்டான். அக்காவிடம் சொல்ல வேண்டாமென்று டாக்டரைக் கேட்டுக்கொண்டான். வெளியே வந்ததும் மனைவியிடம் சத்தியம் வாங்கினான்.

"அக்கா தந்ததைப் பணயம் வச்சுப் பொழைக்கப் பார்க்கேன்னு எந்த வாயால சொல்ல?"

மூன்றாவது ஊசிக்குப் பின் கட்டிகள் பாதியாகச் சுருங்கின. அதே வாரம் சிறுநீர் குறைந்து நின்றேபோனது. சிறுநீரகத்தைக் காப்பாற்றக் கொடுத்த மருந்துகள் பலிக்கவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்த பேச்சித்தாய், டயாலிசிஸ் கட்டிலில் கிடந்த தம்பியின் காலைப் பிடித்தாள்.

"மன்னிச்சிரு தம்பி. உயிரைக் குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சேனே. கடைசியில சொத்தையையில்லா குடுத்திருக்கேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தான் கொடுத்தது சொத்தைதானா என்று அவள் டாக்டரிடம் போய்க் கேட்டாள். "உங்க கிட்னியில ஒரு குறையும் இல்லம்மா. மத்ததை உங்க தம்பிதான் சொல்லணும்" என்றார் டாக்டர். வெறும் ஆறுதலென்று நினைத்துக்கொண்டாள் அவள்.

"ஏங்க, சொல்லிருங்க" என்று சந்தனமாரி அன்று இரண்டு முறை கெஞ்சினாள். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். மறுநாள் பேச்சித்தாய் மறுபடியும் அதே மன்னிப்பைக் கேட்டபோது, சந்தனமாரியால் பொறுக்க முடியவில்லை.

"மதினி, உங்க மேல தப்பில்ல" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

"கேட்டிருந்தா போட்டுக்கோன்னுதானே சொல்லியிருப்பேன்" என்றாள் பேச்சித்தாய். பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள்.

நோயாளியின் ரகசியத்தைக் காத்தார் டாக்டர். வெட்கத்தால் மறைத்தான் தம்பி. சத்தியத்தை மீறினாள் மனைவி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: டாக்டர் தன் கடமைக்கு உட்பட்டு, சொல்லக்கூடியதைச் சொன்னார். சுடலைமுத்து ஊசி போட்டுக்கொண்டதும் பிழையில்லை. கொடுத்த பிறகு அந்தச் சிறுநீரகம் அவனுடையது. முதலில் மறைத்ததைக்கூடப் பொறுக்கலாம். ஆனால் அக்கா வந்து தன் காலைப் பிடித்த பிறகும் பேசாமலிருந்து அவன் காத்தது தன் மானத்தை மட்டுமே. செய்யாத தப்புக்கு ஒருத்தி அழுவதை நிறுத்த மீறிய சத்தியம் பாவமாகாது. சந்தனமாரி செய்ததே சரி. பன்னிரண்டு நாள் கழித்துச் சுடலைமுத்துவும் அதை ஒப்புக்கொண்டு அக்காவுக்கு போன் செய்தான். "பொழைக்கணும்னு ஆசையா இருந்துச்சுக்கா. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு." பேச்சித்தாய் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.